மீன் குழம்புக்கு ஒரு கடர்க்கா: சித்தப்பாவோடு ஹங்கேரி

முதல் நாள், புடாபெஸ்ட்

வியன்னாவில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் புடாபெஸ்ட் வந்துவிடும். நான்கு வருடமாக வியன்னாவில் வேலை பார்ப்பதால் இந்த வழி எனக்குப் பழக்கம். புதுசு என்னவென்றால், இந்த முறை கூட சித்தப்பா வந்திருக்கிறார். மதுரையில் முப்பது வருடம் மெஸ் நடத்திவிட்டு இப்போதுதான் சாவியை மகனிடம் கொடுத்திருக்கிறார். குடிப்பழக்கம் கிடையாது. மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் தொடமாட்டார். ஹங்கேரியின் சிவப்பு ஒயினையும் அதோடு ஒத்துப்போகும் சாப்பாட்டையும் தேடிப் போகிற பயணத்துக்கு இவரைவிடப் பொருத்தமில்லாத துணை கிடைக்காது என்று வீட்டில் கிண்டல். "நீ குடி, நான் சாப்பிடுறேன். கணக்கு நேராப் போச்சு" என்றார் சித்தப்பா.

இறங்கியதும் பெரிய சந்தைக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். 1897-இல் திறந்த இரும்புக் கூரைக் கட்டடம். கீழே காய்கறி, கறிக்கடை, மிளகாய்ச் சரங்கள். ஒரு கடையில் பாப்ரிகா பொடியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "காரமே இல்லையேடா. நிறத்துக்குப் போடுறது. காஷ்மீரி மிளகாய்ப் பொடி மாதிரி." எடெஷ்நெமெஷ் என்ற இனிப்பு வகை அது. சிப்போஷ் என்று எழுதியிருந்தால் காரம் என்று காட்டிக்கொடுத்தேன். அந்தப் பொட்டலத்தில் இரண்டை உடனே வாங்கிவிட்டார்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயை ஹங்கேரிக்காரர்கள் துருக்கியர் வழியாகப் பெற்றார்கள். முதலில் அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'துருக்கி மிளகு'. நாமும் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம்.

மதியம் சித்தப்பாவுக்குக் கோழி பாப்ரிகாஷ். புளித்த பாலேடு விட்ட இளஞ்சிவப்புக் குழம்பு, கூட நொகெட்லி என்ற சின்ன மாவு உருண்டைகள். எனக்கு குயாஷ். ஊரெல்லாம் அதைக் கெட்டிக் குழம்பு என்று நினைக்கிறது, ஆனால் இங்கே அது மாடு மேய்ப்பவர்களின் தண்ணியான சூப். கெட்டியாக வேண்டுமென்றால் பொர்கொல்ட் என்று கேட்க வேண்டும். ஒரு கிளாஸ் கேக்ஃபிரான்கோஷ் வாங்கினேன். வியன்னாவில் ப்ளாவ்ஃப்ரெங்கிஷ் என்று விற்கும் அதே திராட்சை, ஹங்கேரியில் மிக அதிகமாகப் பயிராகும் சிவப்பு வகை. புளிப்புத் தூக்கல், துவர்ப்பு மிதம். பாப்ரிகா சமையலோடு முதல்முறை சிவப்பு ஒயின் குடித்துப் பார்க்கிறவர்கள் இதில் தொடங்கினால் தப்பில்லை. பாலேடு விட்ட பாப்ரிகாஷுக்கு மட்டும் நான் இளஞ்சிவப்பு ரோஸ் ஒயினுக்குப் போய்விடுவேன்.

ஹங்கேரி மொழியில் சிவப்புக்கு இரண்டு சொல். பாப்ரிகா 'பிரோஷ்', ஒயின் எப்போதும் 'வொரோஷ்'. இரண்டாவது சொல் இரத்தத்தைக் குறிக்கும் 'வேர்' என்பதிலிருந்து வந்தது. இந்த இரண்டு சிவப்பும் ஒரே மேசையில் எப்படி ஒத்துப்போகின்றன என்று பார்க்கத்தான் இந்தச் சுற்று.

இரண்டாம் நாள், எகெர்

புடாபெஸ்டிலிருந்து வடகிழக்கே இரண்டு மணி நேர ரயில். ஊருக்கு நடுவே கோட்டை, கீழே துருக்கியர் விட்டுப்போன நாற்பது மீட்டர் மினார். உள்ளே 97 படி. சித்தப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீ ஏறிட்டு வா, நான் உன் பைய பாத்துக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். நானும் ஏறவில்லை.

எகெர் என்றால் பிகாவேர், அதாவது காளை இரத்தம். 1552-இல் ஒட்டோமான் படை கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே தளபதி டோபோ இஷ்ட்வானும் பெண்களும் சிறுவர்களும் சேர்த்து ஏறக்குறைய 2,000 பேர். வெளியே பல்லாயிரம் பேர். 39 நாள் தாக்குப்பிடித்தார்கள். தளபதி நிலவறையைத் திறந்து வீரர்களுக்குச் சிவப்பு ஒயின் ஊற்றினாராம். தாடியெல்லாம் சிவப்பாக வழிய அவர்கள் மதில்மேல் நின்று சண்டை போட்டதைப் பார்த்த துருக்கியர், 'இவன்கள் காளை இரத்தம் குடிக்கிறான்கள்' என்று மிரண்டு ஓடினார்களாம். நிலவறையில் ஒயின் ஊற்றித் தந்தவர் கையை ஆட்டி ஆட்டி இந்தக் கதையைச் சொன்னார். மொழிபெயர்த்தேன். "நம்ம ஊர்லயும் சரக்கு விக்கிறவன் நல்லாத்தான் கதை சொல்லுவான்" என்றார் சித்தப்பா.

அந்த நிலவறை ஊருக்கு வெளியே, அழகிய பெண்ணின் பள்ளத்தாக்கு என்று பெயர் கொண்ட இடத்தில். மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்து, குகை குகையாக, ஒன்றை அடுத்து ஒன்று. உள்ளே வெயில் காலத்திலும் குளிர். சுவரில் கறுப்பு வெல்வெட் ஒட்டியது போலப் பூஞ்சை. காற்றில் இருக்கும் சாராய ஆவியைத் தின்று வளர்வது. சித்தப்பா விரலால் தொட்டுப் பார்த்து, "சுவருக்கே குடிப்பழக்கமா?" என்றார். உள்ளூர்க்காரர்கள் காலி பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்து, எண்ணெய்க் கடையில் வாங்குவது போல லிட்டர் கணக்கில் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். நமக்கு 'எஜ் தெட்சி', ஒரு டெசிலிட்டர், அது போதும்.

பிகாவேர் ஒரே திராட்சையில் எடுப்பதில்லை. கேக்ஃபிரான்கோஷை அடிப்படையாக வைத்துப் பல வகைகளைக் கலப்பார்கள். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் இதையே ஆலைச் சரக்காகத் தண்ணீர் போல எடுத்து வெளிநாடுகளுக்கு மலிவாக அனுப்பியதில் பெயர் கெட்டது. மேற்கே வயதானவர்கள் சிலர் இன்றும் அந்த லேபிளைப் பார்த்தால் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். 1990-களுக்கு அப்புறம் சின்னச் சின்ன நிலவறைக்காரர்கள் அதை மீட்டெடுத்தார்கள். நான் குடித்தது அப்படி ஒருவருடையது. கறுப்புச் செர்ரி, கொஞ்சம் மிளகு, கடைசியில் நாக்கோரத்தில் புளிப்பு.

சாப்பிட மான் பொர்கொல்ட். "நம்ம ஊர்ல இதத் தின்னா ஜெயிலு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டு கேட்டார். வெங்காயத்தை வதக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பாப்ரிகாவைப் போட வேண்டும், இல்லையென்றால் தீய்ந்து கசக்கும் என்றார் சமைத்த அம்மா. சித்தப்பாவுக்கு அதை மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. கை அசைவைப் பார்த்தே தலையாட்டினார். மான்கறியில் கொழுப்பு குறைவு, காட்டு வாசம் அதிகம். அதற்கு இந்தப் பிகாவேரின் புளிப்பு சரியாகப் போய் நின்றது.

இங்கே ஒயின் கிளாஸை இடித்துக்கொள்ளலாம், பியர் கிளாஸைக் கூடாது. 1849 அக்டோபர் 6-இல் அராட் என்ற ஊரில், ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்த 13 ஹங்கேரித் தளபதிகளுக்கு மரண தண்டனை கொடுத்த பின் ஆஸ்திரியர்கள் பியர் கிளாஸை இடித்துக் கொண்டாடினார்கள் என்பது கதை. 150 வருடத்துக்கு இடிப்பதில்லை என்று சபதமாம். கெடு முடிந்தும் பல பேர் விடவில்லை. வியன்னாவிலிருந்து வந்தவன் என்பதால் நான் எதையும் இடிக்காமல் குடித்தேன்.

மூன்றாம் நாள், ரயிலில்

இன்று பயணம் மட்டும்தான். எகெரிலிருந்து புடாபெஸ்ட், அங்கிருந்து ஷார்போகார்டில் வண்டி மாறி தெற்கே செக்சார்ட். பையில் பாலாடைக்கட்டி பொகாச்சா, நம் பேக்கரி பன்னின் சின்னத் தம்பி.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். காளை இரத்தக் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் 1552-இல் எகெரில் சிவப்பு ஒயினே இருந்திருக்குமா என்பதுதான் சந்தேகம். அந்தப் பக்கம் அப்போது வெள்ளைதான். சிவப்புத் திராட்சையும் அதை நொதிக்க வைக்கும் வித்தையும் துருக்கியருக்குத் தப்பி வடக்கே ஏறிவந்த செர்பியர்களோடு வந்தவை என்பார்கள். பிகாவேர் என்ற சொல்லை ஒயினுக்கு முதலில் எழுதிவைத்தவர் கரை யானோஷ் என்ற கவிஞர், 1846-இல். அவர் எழுதியதும் எகெர் ஒயினை இல்லை, இப்போது நாங்கள் போய்க்கொண்டிருக்கும் செக்சார்டின் ஒயினை. இன்று சட்டப்படி இந்த இரண்டு ஊர்ப் பக்கம் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். துருக்கியரும் 1596-இல் திரும்ப வந்து எகெரைப் பிடித்துவிட்டார்கள். அந்த மினார் அப்புறம் எப்படி வந்திருக்கும்?

நான்காம் நாள், செக்சார்ட்

மெத்தென்ற மஞ்சள் வண்டல் மேடு, அதன்மேல் திராட்சை, கீழே சிறிய ஊர். கரை யானோஷுக்குச் சதுக்கமும் சிலையும் இருக்கின்றன. இசைமேதை லிஸ்ட் நண்பர் வீட்டுக்கு அடிக்கடி வந்து தங்கிய ஊர்.

நான் வந்தது கடர்க்கா என்ற சிவப்புத் திராட்சைக்காக, அதன் ஒயினுக்காக. தோல் மெல்லிசு, மழை பெய்தால் அழுகும், பழுப்பதும் தாமதம். விவசாயிக்கு இதைவிடத் தொல்லை கொடுக்கும் கொடி இல்லை. ஒரு காலத்தில் ஹங்கேரியின் முக்கியச் சிவப்பு இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி தோட்டங்களை அழித்தது. மிஞ்சியதைக் கூட்டுப்பண்ணைக் காலம் பிடுங்கிப் போட்டது. டிராக்டரும் டன் கணக்கும் கேட்ட காலத்துக்கு இந்தச் சீக்காளிப் பயிர் ஒத்துவரவில்லை. செக்சார்டுக்காரர்கள் சிலர்தான் விடாமல் வைத்திருந்து மறுபடி ஆளாக்கியிருக்கிறார்கள். பல்கேரியாவில் இதற்குக் கம்ஸா என்று பெயர்.

ஒரு வீட்டு நிலவறையில் பாட்டி ஒருவர் வாத்துக்கொழுப்பு தடவிய ரொட்டி, மேலே ஊதா வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுத்தார். பன்றிக்கொழுப்பு இல்லை என்று மூன்று தடவை உறுதி செய்த பிறகே சித்தப்பா கை நீட்டினார். கடர்க்கா கிளாஸில் வந்தது. அடியில் விரல் தெரிகிற அளவு வெளிர் நிறம். புளிப்புச் செர்ரி, லேசாக ஏலக்காய் ஞாபகம் வருகிற ஒரு வாசம். துவர்ப்பு இருந்ததா என்று யோசிக்க வேண்டியிருந்தது.

சித்தப்பாவுக்கு மட்டும் சும்மா உட்காரச் சங்கடம். அறுவடைக் காலமாயிற்றே, அன்றன்று பிழிந்த திராட்சைச் சாறு கிடைக்கும், முஷ்ட் என்று பெயர். பதநீர் மாதிரி, ஒன்றும் செய்யாது என்று சொல்லி, பாட்டியின் பேரனிடம் எனக்குத் தெரிந்த ஹங்கேரி மொழியில் ஒரு குடுவை கேட்டேன். கலங்கலாக, நுரையோடு, இனிப்பாக வந்தது. சித்தப்பா ஒரே மூச்சில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. "நல்லா சுள்ளுனு இருக்குடா. சோடா கலந்திருக்கானா?"

அந்தச் 'சுள்'ளில்தான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது முஷ்ட் இல்லை, முர்ட்சி. பாதி நொதித்த சாறு. பதநீர் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்து கள்ளை ஊற்றியிருக்கிறேன்.

சொன்னேன். ஐந்து நிமிடம் பேசவில்லை. இருபத்தெட்டு வயதில் பழனி மலையில் எடுத்த சத்தியம். அப்புறம் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, "தெரியாமக் குடிச்சதுக்கு முருகன் உன்னயத்தான் கேப்பான்" என்றார். முர்ட்சி வயிற்றுக்குள்ளும் நொதிப்பதை நிறுத்தாது என்பது இங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் விஷயம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரே தெரிந்துகொண்டார். சாயங்கால பஸ் போய்விட்டது. பாட்டி வீட்டு மாடியிலேயே தங்கினோம்.

ஐந்தாம் நாள், பாயா

டானூப் கரையில் உள்ள ஊர். எழுத்தில் 'ஜ' போலத் தெரிந்தாலும் 'ய' என்று வாசிக்க வேண்டும். "பாயாவா? ஆட்டுக்காலா?" சித்தப்பா தேறிவிட்டார்.

ஆட்டுக்கால் இல்லை, மீன். ஹலாஸ்லே என்ற செம்படவர் சூப்புக்குப் பேர்போன ஊர். கோடையில் இதற்கென்று திருவிழாவே உண்டு. சதுக்கம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக முக்காலியில் கொப்பரை தொங்கவிட்டுச் சமைப்பார்களாம். அக்டோபரில் அதெல்லாம் இல்லை. ஆற்றோரம் ஒரு சின்ன உணவகம், பின்பக்கம் விறகடுப்பு. மெஸ் வைத்திருந்தவர் என்று சொன்னதும் சமையல்காரர் சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

எண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது. கெண்டை மீன் துண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், தண்ணீர். கொதி வந்ததும் பாப்ரிகா, தாராளமாக. தீயைக் குறைக்காமல் தளதளவென்று கொதிக்கவிடுகிறார்கள். கரண்டி போடவே இல்லை. கொப்பரையின் பிடியைப் பிடித்து அப்படியும் இப்படியும் சுற்றிவிட்டார் மனிதர்.

சித்தப்பா என் தோளில் அடித்தார். "பாத்தியா! சட்டியத்தான் சுத்தணும். கரண்டி போட்டா மீன் உடைஞ்சிரும். எங்காத்தா சொல்லும் இத."

முதலில் தீக்குச்சி மாதிரி மெல்லிய சேமியாவின் மேல் அந்தச் செக்கச் சிவந்த சாறு வருகிறது. மீன் தனித் தட்டில். ஓரத்தில் செர்ரி அளவு உருண்டை மிளகாய், கடித்தால் நிஜமாகவே காரம். ஸெகெட் ஊரில் சின்ன மீன்களை வேகவைத்து மசித்து வடிகட்டிய சாற்றில்தான் செய்வார்கள், சேமியா போடமாட்டார்கள். பாயாக்காரர்களிடம் அதைப் பற்றிப் பேசினால் சாப்பாடு ஆறிவிடும். நான் பாயா கட்சி.

சித்தப்பா நாலு கரண்டி குடித்தார், நிறுத்தினார். எனக்குத் தெரிந்த முகம் அது. மெஸ்ஸில் புது மாஸ்டர் குழம்பை ருசி பார்க்கும்போது வரும் முகம்.

"எல்லாம் சரி. உப்பு சரி, காரம் சரி. புளி எங்கடா?"

இல்லைதான். புளியும் இல்லை, தக்காளியும் இல்லை. இனிப்பான வெங்காயம், இனிப்பான பாப்ரிகா, கொழுப்புக் கெண்டை. நாக்கு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. நான் செக்சார்டிலிருந்து வாங்கி வந்த கடர்க்காவின் மூடியைத் திறந்தேன், உணவகத்தில் கேட்டுக்கொண்டுதான். கொஞ்சம் குளிர்ந்திருந்தது, அதுவும் நல்லதுக்கு. ஒரு வாய் சாறு, ஒரு வாய் ஒயின்.

புளி அங்கே இருந்தது.

மீனுக்கு வெள்ளை ஒயின் என்று புத்தகம் படித்தவர்கள் சொல்வார்கள். பாயாவில் யாரும் அதைக் கேட்பதில்லை. கடர்க்கா, இல்லாவிட்டால் ஷில்லெர் என்று ரோஸுக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்கும் ஒன்று. ரெண்டும் மெல்லிசு, ரெண்டும் புளிப்பு. நாம் புளியைக் கரைத்துச் சட்டிக்குள் ஊற்றுகிறோம். இவர்கள் அதைக் கிளாஸில் வெளியே வைத்திருக்கிறார்கள், அவரவர் வேண்டிய அளவு கலந்துகொள்ள. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். பாட்டிலை எடுத்து மூக்கருகே வைத்தார். "ம். பழம்புளி இல்ல, புதுப்புளி" என்றார். நான்கு வருடமாக ஒயினைப் பற்றிப் படிக்கிறேன், கடர்க்காவுக்கு இவ்வளவு சரியான வர்ணனையை நான் பார்த்ததில்லை.

ஆறாம் நாள், வில்லாஞ்

ஹங்கேரியின் தென்கோடி, குரோவேஷிய எல்லைப் பக்கம். இந்த ஊர்ப் பெயரின் கடைசி ஒலிக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லை, நம்மிடம் இருக்கிறது. சார்ஷொம்யோ என்ற மொட்டைச் சுண்ணாம்பு மலை வடகாற்றை மறைத்துக்கொண்டு நிற்க, தெற்குச் சரிவில் வெயில் நன்றாகக் காய்கிறது. துருக்கியர் போனபின் வெறிச்சோடிய இந்த ஊர்களில் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்களைக் குடியமர்த்தினார்கள். பலகைகளில் இன்றும் இரண்டு மொழி. ஹங்கேரியில் அந்த மலையில் மட்டும் பூக்கும் கிகெரிச் பூதான் இங்குள்ள பாட்டில்களில் முத்திரை. பிறந்த இடத்தைக் காக்கும் ஒயின் விதிகளை ஹங்கேரியில் முதலில், 2006-இல் கொண்டுவந்த ஊரும் இதுதான்.

ஒயின் முழுக்க வேறு சாதி. பிரான்ஸின் போர்டோவில் பெரும்பாலும் கலவைக்குப் பயன்படும் கபெர்னே ஃபிராங்க், இங்கே தனியாக நிற்கிறது. அது தன் இயற்கையான வீட்டைக் கண்டுகொண்ட இடம் வில்லாஞ் என்று பிரிட்டிஷ் ஒயின் எழுத்தாளர் மைக்கேல் பிராட்பென்ட் சொன்னதை இந்த ஊரில் குழந்தையும் சொல்லும். கிளாஸில் ஒளி நுழையாத நிறம். வாயில் வைத்ததும் கொட்டைப்பாக்கு கடித்தது போலக் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தமிழில் துவர் என்றால் அந்தச் சுவையும்தான், சிவப்பும்தான். சிவப்பு ஒயினுக்கென்றே செய்து வைத்த சொல் போல இருக்கிறது, நாமோ அதை வாழைப்பூவோடு விட்டுவிட்டோம்.

பாயாவில் மிஞ்சிய செர்ரி மிளகாய் ஒன்று பையில் கிடந்தது. ஒரு கடி கடித்து மேலே ஃபிராங்கை விட்டேன். செய்யாதீர்கள். சாராயம் காரத்தைக் கிளறிவிடுகிறது, துவர்ப்பு அதை வாயைவிட்டுப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பழ ருசி எதுவும் மிஞ்சவில்லை. பாப்ரிகா அதிகம் விழுந்த தட்டுக்கு இந்த வகைக் கனத்த ஒயினை வாங்குவது வீண் செலவு.

ஃபிராங்குக்கு வேண்டியது கொழுப்பும் மெல்லக் கறியும். அடுப்பில் சுட்ட வாத்துத் தொடை, தோல் அப்பளமாக. கூட ஊதா முட்டைக்கோஸ், கொஞ்சம் சர்க்கரையும் வினிகரும் சேர்த்து வதக்கியது. பாப்ரிகா பேருக்குக்கூட இல்லை. ஒரு துண்டு வாத்து, ஒரு மிடறு ஒயின் என்று போனபோது துவர்ப்பு எங்கோ கரைந்துபோய், ஒயின் திடீரென்று இனித்தது. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் நாடு முழுக்க வாத்தும் புது ஒயினும்தான். அன்று வாத்து சாப்பிடாதவன் வருடம் முழுக்கப் பட்டினி கிடப்பான் என்று பழமொழி. "முட்டைக்கோஸ்ல வினிகர். அதான் புளி" என்றார் சித்தப்பா. எல்லாத் தட்டிலும் இப்போது அவருக்கு அதைத் தேடுவதே வேலை.

பக்கத்து மேசையில் கல்லூரிப் பிள்ளைகள் சிவப்பு ஒயினில் கோலா கலந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு விபிகே என்று செல்லப் பெயரே இருக்கிறது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஏழாம் நாள், வியன்னா

இரவு வீடு வந்து சேர்ந்தோம். இன்று காலை நாஷ்மார்க்ட் சந்தைக்குப் போய்ச் சித்தப்பா கெண்டை மீன் வாங்கிவந்தார். புடாபெஸ்ட் சிப்போஷ் பொடி, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய். மிச்சமிருந்த அரை பாட்டில் கடர்க்காவை எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இத உள்ள ஊத்திக் கொதிக்கவிட்டா சாராயம் போயிரும்ல?"

"முழுசாப் போகாது சித்தப்பா. கொஞ்சம் நிக்கும்."

கொஞ்ச நேரம் பாட்டிலைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் அதை என் பக்கம் நகர்த்திவிட்டு, புளியை ஊறப்போட்டார். வழக்கமாகப் போடுவதில் பாதிதான் போட்டார்.